ஜர்தோசி கற்க ஆசைப்படும் மகளும் தயங்கும் பெற்றோரும்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகள், "காலேஜ் வேண்டாம், ஜர்தோசிப் பூவேலை கற்றுக்கொள்கிறேன்" என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "பிளவுஸுக்குப் பூப்போடுவதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவள் அப்பா கேட்கிறாராம். நல்ல வேலைதான் அம்மா. ஆனால் பதினைந்து நாளில் கைக்கு வந்துவிடாது. அவள் அவசரமாகக் கற்றுக்கொண்டு கடைவிரித்துவிடுவாளோ என்பதுதான் என் கவலை.

இந்த வேலையைக் கிட்டே இருந்து பார்த்தால் ஏன் என்று புரியும். நம் ஊர் வகுப்புகளில் ஜர்தோசி என்று சொல்வது, மெல்லிய கம்பியை ஸ்பிரிங் போலச் சுருட்டிய சரம். அதை நூல் போலத் துணிக்குள் இழுக்க முடியாது. துண்டு துண்டாக வெட்டி, பாசி கோப்பது போல ஊசியில் கோத்து, துணிமேல் படியவைத்துத் தைக்க வேண்டும். மயிரிழை நீளம் கூடினால் துருத்தி நிற்கும். குறைந்தால் அடியிலிருக்கும் நூல் தெரியும். கொஞ்சம் இழுத்துவிட்டால் சுருள் பிரிந்துவிடும், பழையபடி சேராது. நுனியில் கொக்கி உள்ள ஆரி ஊசியோ இன்னொரு கதை. துணியை இழுத்துக்கட்டிய ஃபிரேமுக்கு மேலே வலது கை குத்த, அடியில் இடது கை பார்க்காமலேயே நூலைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். அந்த இடது கை பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

அதனால் வகுப்பில் சேர்க்கும் முன், முடித்த பிளவுஸ் ஒன்றைக் காட்டச் சொல்லித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முடிச்சும் தொங்கும் நூலுமாக இருந்தால் வந்துவிடுங்கள். டிரேஸ் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்து டிசைனைத் துணியில் இறக்கவும் கற்றுத்தருகிறார்களா என்று கேளுங்கள். வரைந்த துணியைக் கையில் கொடுத்துவிடும் வகுப்பில் படித்தவர்கள் கடைசிவரை அடுத்தவர் டிசைனையே நம்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: லக்னோவிலும் பரேலியிலும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் உட்கார்ந்து செய்து குடும்பம் நடத்திய தொழில் இது. லக்னோ ஜர்தோசிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பாரிஸின் பூவேலைக் குடும்பத்தில் பிறந்த ழான்-பிரான்சுவா லெசாஜ், 1993-இல் சென்னையில் வஸ்திரகலா என்ற பூவேலைக்கூடத்தைத் தொடங்கினார். பிரெஞ்சு மாளிகைகளுக்கான வேலைப்பாடுகளை நம் சென்னைக் கைகள் செய்து அனுப்பியிருக்கின்றன.

சரி, படிப்பு? அதை விடச் சொல்லமாட்டேன். கோவை, ஈரோடு பக்கக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. இவளுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். காலையில் கல்லூரி, மாலையில் இரண்டு மணி நேரம் ஃபிரேம். வரைவதில் பிடிப்பு இருந்தால் சென்னைத் தரமணியிலுள்ள நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனத்தின் நுழைவுத்தேர்வையும் எழுதட்டும்; அது நான்கு வருடப் படிப்பு. பதினெட்டு வயது ஆகிவிட்டதென்றால், வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பூவேலை வகுப்பு எப்போது என்று விசாரியுங்கள். பயிற்சி இலவசம்.

வருமானத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முகூர்த்த மாதங்களில் தூங்க நேரமிருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் குறையும். முதல் பிளவுஸிலிருந்தே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாள் என்று நோட்டில் எழுதப் பழக்குங்கள். பொருள் செலவை மட்டும் கூட்டி விலை சொல்லித்தான் பல பெண்கள் நஷ்டப்படுகிறார்கள். கண்ணும் கழுத்தும் முக்கியம், நல்ல வெளிச்சத்தில் உட்காரட்டும்.

இப்போதைக்குச் சின்ன ஃபிரேம், ஸ்டாண்ட், சாதாரண ஜரி நூல் போதும். ஆயிரக்கணக்கில் பொருள் வாங்கிக் குவிக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து அவள் தைத்த துணியைப் படமெடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து.