கிரானைட் தூசியும் மேற்படிப்பும்

கேள்வி: வேதியியல் பட்டதாரி நான். அப்பா கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். தொழில்சார், சுற்றுச்சூழல் உடல்நலத் துறையில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கிறேன்; நோக்கக் கட்டுரையில் என்ன எழுதலாம்?
– வாசகி, பர்கூர்

பதில்: சேவை ஆர்வம் என்று பொதுவாக எழுதாமல், உங்கள் ஊர்ப் பட்டறையிலிருந்தே தொடங்குங்கள். கல்லை அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் குணப்படுத்த முடியாத நோய் என்பதையும், 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இடம்பெற்றிருந்ததையும் குறிப்பிட்டு, நீர் தெளித்து அறுக்கும் இடத்துக்கும் உலர்வாக அறுக்கும் இடத்துக்கும் காற்றிலுள்ள தூசி எவ்வளவு வேறுபடுகிறது என்பது போன்று, நீங்கள் அளந்தறிய விரும்பும் ஒரே கேள்வியை முன்வையுங்கள். வேதியியல் ஆய்வகப் பயிற்சி உங்களுக்குப் பெரும் பலம். அதை விரிவாகவே எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தை, அந்த ஆய்வகத்தில் உங்களை நேரில் கண்ட பேராசிரியரிடமே கேளுங்கள்.