ரப்பரில் மண்ணா?

கேள்வி: டயர் ரப்பரில் சிலிக்கா, களிமண் போன்ற தாதுப் பொடிகளைக் கலக்கிறார்களாமே, இது கலப்படம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. ரப்பர் கலவைக்கூடத்தில் பல ஆண்டுகள் நின்றவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: பொடி எதுவும் சேராத டயர் சாலையில் அழிப்பான்போலத் தேய்ந்துவிடும்.

சுண்ணாம்புக்கல் பொடி பெரும்பாலும் விலையைக் குறைக்கத்தான். மணலில் உள்ள அதே பொருளான சிலிக்கா வேறு ரகம். அதன் அடிப்படைத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவே. ஆனால் அது நீரை விரும்பும், ரப்பரோ எண்ணெயின் உறவு. சும்மா கலந்தால் சிலிக்கா கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். சிலேன் என்ற வேதிப்பொருள் ஒரு கையால் சிலிக்காவையும் மறு கையால் ரப்பரையும் பற்றிக்கொள்கிறது. அதற்குக் கலவை ஏறத்தாழ 140, 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சிறிது நேரம் நிற்க வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டு இறக்கிவிட்டோம். தகட்டைத் தடவினால் விரலில் சொரசொரவென்று பட்டது. அத்தனையையும் ஒதுக்க நேர்ந்தது, மனம் வலித்தது.

1990களில் மிஷெலின் என்ற பிரெஞ்சு டயர் நிறுவனம் இந்தச் சிலிக்கா முறையைக் கார் டயர்களில் பரவலாக்கியது. உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைந்தது, ஈரச் சாலையில் பிடிப்பும் கூடியது. அதற்கு முன்பு டயரில் சேர்த்துவந்த கரித்தூளும் விடைபெறவில்லை: சிலிக்கா மின்சாரம் கடத்தாது என்பதால், நிலைமின்சாரம் தரையில் இறங்க, கரித்தூள் ரப்பரில் மெல்லிய பட்டை ஒன்றை வைக்கிறார்கள்.