வாசகர் கேள்வி: மூன்று ஃபவுலும் மனப்பயிற்சியும்

கேள்வி: 16 வயதான என் மகள் நேரு விளையாட்டரங்கில் நான்கு ஆண்டுகளாக நீளம் தாண்டுதல் பயிற்சி பெறுகிறாள். பயிற்சியில் 5.20 மீட்டருக்குக் குறையாமல் தாண்டுபவள், சென்ற இரண்டு போட்டிகளிலும் மூன்று வாய்ப்புகளிலும் கால் தாண்டும் பலகையைக் கடந்து ஃபவுல் ஆகி, அளவே பதிவாகாமல் வெளியேறினாள். மனதைத் திடப்படுத்திக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் மீண்டும் போட்டி. விளையாட்டு உளவியலாளரிடம் அழைத்துச் செல்லலாமா?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லா ஃபவுலும் பயத்தால் வருவதில்லை. போட்டி நாளின் படபடப்பில் ஓட்டத்தின் வேகம் கூடி ஒவ்வொரு காலடியும் நீளும். பின்னாலிருந்து காற்று வீசினாலும் அப்படித்தான். பயிற்சியில் களைத்த காலோடு அளந்து வைத்த ரன்-அப் குறி (ஓட்டத்தைத் தொடங்கும் இடம்) அன்று பொருந்தாமல் போகும். கால் பலகையை எவ்வளவு தாண்டியது என்று ஆறு முயற்சிகளுக்கும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். ஏறக்குறைய ஒரே அளவு என்றால் குறியைப் பின்னுக்கு நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஒருமுறை ஒரு விரல், மறுமுறை ஒரு சாண் என்று மாறியிருந்தால் ஓட்டமே நிலைகொள்ளவில்லை என்று பொருள்; மனப்பயிற்சிக்கு அங்கேதான் வேலை.

பயிற்சியில் அவள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாண்டுகிறாள். தவறினால் அடுத்தது உண்டு. போட்டியிலோ ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பெயர் அழைத்ததும் ஒரு நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். தாண்டுதலை நான்கு ஆண்டுகள் பழகிய பெண், அந்தக் காத்திருப்பை ஒருநாளும் பழகியிருக்க மாட்டாள். ஆகவே வாரத்தில் ஒரு நாள், மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, 15 நிமிட இடைவெளியில் மூன்றே முறை தாண்டவிட்டு அளக்கச் சொல்லுங்கள். நான் சொல்லும் மனப்பயிற்சிகளுள் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

அந்த 15 நிமிடத்தில் செய்வதற்கும் அவளிடம் ஏதேனும் இருக்க வேண்டும். நான்கு விநாடி மூச்சை இழுத்து, ஆறு விநாடி மெதுவாக வெளியே விடலாம். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும். பிறகு கண்ணை மூடி, தன் ஓட்டத்தை உண்மையான வேகத்திலேயே, கேலரியிலிருந்து பார்ப்பவளாக இல்லாமல் ஓடுபவளாகவே, காலில் படும் தரையின் அழுத்தம்வரை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். குறியில் நின்றதும் ஒரு மூச்சு, “நிமிர்ந்து” என்பதுபோல் ஒரே சொல், உடனே ஓட்டம். இந்த வரிசை எந்நாளும் மாறக் கூடாது. “ஃபவுல் ஆகிவிடக் கூடாது” என்ற எண்ணம் கண்ணைப் பலகையிலேயே கட்டிப்போடும். “நிமிர்ந்து” என்ற சொல் கவனத்தை ஓட்டத்துக்குத் திருப்பும்.

நம் சென்னையின் குகேஷ், 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டத்தையும் 12-ஆம் ஆட்டத்தையும் தோற்றும், 14-ஆம் ஆட்டத்தில் வென்று பட்டம் பெற்றார். அவருக்கு மனப்பயிற்சி அளித்த பேடி அப்டன், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் பணியாற்றியவர். அந்த உயரத்தில் இருப்பவர்களே இதற்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளும்போது, உங்கள் மகள் உதவி கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விசாரித்துப் பாருங்கள். யாரிடம் சென்றாலும், உளவியலில் என்ன பட்டம், தடகள வீரர்களோடு எத்தனை ஆண்டு அனுபவம், மைதானத்துக்கு வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். ஒரே அமர்வில் பயத்தைப் போக்கிவிடுவதாகச் சொல்பவரிடம் போக வேண்டாம். அடுத்த மாதத்துக்குள் எல்லாம் மாறிவிடாது. குறியும் அந்த ஒரு வரிசையும் கைவந்தால் போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில், அவளாகப் பேசினாலன்றி, போட்டியைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: கபடி ஆடும் என் 19 வயது மகனுக்கு முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை. நண்பர்கள் வந்தாலும் பேசுவதில்லை. ஊக்கப் பேச்சுகளைக் கேட்கச் சொல்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
- ஒரு தந்தை, வியாசர்பாடி

பதில்: ஊக்கப் பேச்சுகளை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தூக்கமின்மையும் ஒதுங்கியிருத்தலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. அதுவரை அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பப் பொதுவாக ஒன்பது மாதமாவது ஆகும் என்பதை அவனிடம் மறைக்க வேண்டாம். மருத்துவரும் பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டால், மாலையில் அணி ஆடும் இடத்துக்குச் சென்று ஸ்கோர் எழுதட்டும்.