வெயிலில் சினையாக இருந்த ஆடுகளின் குட்டிகள் மந்தமாக இருப்பது பற்றி

வணக்கம். மே மாதம் தகரக் கொட்டகையில் சினையாக நின்ற மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் ஆடியில் போட்ட குட்டிகள் சிறுத்திருக்கின்றன, காம்பைத் தேடக்கூடத் தெரியவில்லை, மூளை பாதித்திருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெக்கைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். நஞ்சுக்கொடி பெரும்பாலும் அதன் நடுப்பகுதியில்தான் வளரும். அந்த நேரத்தில் தாய் உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் திரும்பும், கருப்பைக்குக் குறையும். நஞ்சுக்கொடி சிறுத்தால் குட்டிக்கு ஆக்சிஜனும் குளுக்கோஸும் பற்றாது. கிடைக்கிற ரத்தத்தில் மூளைக்கே முன்னுரிமை என்பதால் அது ஓரளவு தப்பிக்கும், முழுதாக அல்ல.

ஆனால் மந்தமான குட்டியெல்லாம் மூளை பாதித்த குட்டி இல்லை. பிறந்ததும் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பால். வெதுவெதுப்பாக இருந்து சப்பினால் உடனே சீம்பால், ஒரு வேளைக்குக் குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மில்லி.

பின்னங்கால் தள்ளாடினால் தாமிரச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகத் தாமிரம் கொடுத்துவிடாதீர்கள், செம்மறிக்குக் கொஞ்சம் கூடினாலும் விஷம்.

அடுத்த கோடைக்குள் தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். சினை ஆடுகளை உச்சிவெயிலில் மேய விடாதீர்கள்.