சாகோஸ் தீவுக்கு ஆள் கட்டுகிறார்களாம்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. ஏ.எல். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிறான். ஹட்டனில் ஒரு ஏஜென்ட், "சாகோஸ் தீவு மொரிசியஸ் நாட்டுக்குத் திரும்பக் கிடைச்சிருச்சு, குடியேத்த ஆள் எடுக்கிறாங்க, அஞ்சு வருஷத்துல லண்டன் பாஸ்போட்" என்கிறார். மொத்தம் 14 லட்சம். முதலில் 2 லட்சமும் மகனின் பாஸ்போட்டும் தர வேண்டுமாம். ஐ.நா. தீர்ப்பு என்று ஒரு தாளைக்கூடக் காட்டினார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: வேண்டாம் அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் வாங்கி வந்துவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

அந்த ஏஜென்ட் கெட்டிக்காரர். முழுப் பொய் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொல்கிறார். முழுப் பொய்யைச் சொன்னால் ஊரில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பாதி உண்மையில்தான் படித்த பிள்ளைகளே விழுகிறார்கள். ஆகவே எந்தப் பாதி உண்மை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாகோஸ் என்பது கொழும்புக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தூரத்தில், நடுக்கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவுகள். பிரித்தானியர் அவற்றை மொரிசியஸ் நாட்டோடு சேர்த்தே ஆண்டார்கள். 1968இல் மொரிசியசுக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1965 நவம்பரில், சாகோஸை மட்டும் வெட்டி எடுத்து, 30 லட்சம் ஸ்டேர்லிங் பவுணைக் கையில் கொடுத்துத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். பெரிய தீவான டியாகோ கார்சியாவில் அமெரிக்காவுக்குப் படைத்தளம் வேண்டியிருந்தது. ஒரு குடியேற்ற நாட்டை விடுவிக்கும்போது அதைத் துண்டு போடக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 1960லேயே தீர்மானம் போட்டிருந்தது. யார் கேட்டார்கள்?

2019 பெப்ரவரி 25ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம், அப்படி வெட்டி எடுத்தது சட்டப்படி சரியில்லை, பிரித்தானியா கூடிய சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று சொன்னது. உங்களிடம் காட்டிய தாள் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். அது தீர்ப்புக்கூட இல்லை. ஆலோசனைக் கருத்து. தோட்டத்துப் பெரியவர் புத்தி சொல்வதைப் போல மதிப்பு உண்டு, கையைப் பிடித்து இழுத்துவர அதிகாரம் இல்லை. அதே வருஷம் மே 22ஆம் திகதி பொதுச்சபை 116 நாடுகளின் வாக்கோடு "ஆறு மாதத்தில் வெளியேறு" என்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்தானது எப்போது தெரியுமா? 2025 மே 22. நாள் தவறாமல் ஆறு வருஷம். ஐ.நா.வின் மாதக் கணக்கு அப்படி.

அந்த ஒப்பந்தத்திலும், கையெழுத்து என்பது முதல் படிதான். இரண்டு நாட்டுச் சட்ட நடைமுறைகளும் முடிந்த பிறகுதான் அது அமலுக்கு வரும். வந்தாலும், தீவுகள் மொரிசியசின் பெயருக்குப் போகும், டியாகோ கார்சியா மட்டும் 99 வருஷத்துக்குப் பிரித்தானியாவின் கையிலேயே இருக்கும். சராசரியாக வருஷத்துக்கு 10 கோடி பவுணுக்கு மேல் குத்தகை. மற்றத் தீவுகளில் மொரிசியஸ் ஆட்களைக் குடியேற்றலாம். "ஆட்கள்" என்றால் உங்கள் மகன் இல்லை. அங்கிருந்து விரட்டப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்.

அவர்கள் யார் என்று கேட்டால் உங்களுக்குச் சட்டம் படிக்காமலே விளங்கும். தென்னந்தோட்டத் தொழிலாளர்கள். கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொப்பரா போட்டவர்கள். அங்கேயே பிறந்து அங்கேயே அடக்கமானவர்கள். படைத்தளம் வேண்டும் என்றதும், "இவர்கள் ஒப்பந்தக் கூலிகள், நிரந்தரக் குடிகள் இல்லை" என்று லண்டனில் எழுதினார்கள். 1968க்கும் 1973க்கும் இடையில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மொரிசியசிலும் சீஷெல்சிலும் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களுடைய நாய்களைப் பிடித்து நச்சுப் புகை வைத்துக் கொன்றார்கள். சாகோஸ் வெட்டப்படுவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு மலையகத் தமிழரான நம்மில் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று கூடையில் கொழுந்து நிறுப்பதைப் போல நிறுத்தார்களே, அப்போது உங்கள் பாட்டியைக் கேட்டார்களா? இவர்களையும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, 2025 ஒப்பந்தத்துக்கு முன்பும் ஒழுங்காகக் கேட்கவில்லை என்பதுதான் அவர்களில் பலருடைய சண்டை. பசிபிக்கில் டோக்கலாவ் என்று ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் வாழும் தீவுகள் உண்டு. அவர்களிடம் 2006இலும் 2007இலும் சுயாட்சி வேண்டுமா என்று இரண்டு தடவை வாக்கெடுப்பு வைத்துக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை, நியூசிலாந்தின் கீழேயே இருக்கிறார்கள். சுயநிர்ணயம் என்பது இதுதான்: அங்குள்ளவர்களைக் கேட்பது. வெளியூரில் ஆள் எடுப்பது இல்லை.

நினைத்துப் பாருங்கள். அங்கே பிறந்தவர்களே ஐம்பது வருஷமாகத் திரும்பிப் போக வழக்காடுகிறார்கள். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் இல்லாத தீவுகள் அவை. அங்கே பொகவந்தலாவைப் பையனுக்கு என்ன அவசரம்? "தேயிலைத் தூரில் தோண்டினால் தேங்காயும் மாசியும்" என்று சொல்லித்தான் நம்முடைய பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணிமார் ஆள் கட்டினார்கள். இந்தத் தடவை ஒரு வித்தியாசம், தேங்காய் மெய்யாகவே இருக்கிறது.

அடுத்து ஏஜென்ட் எடுத்துவிடுவது, "நம்ம தமிழ்ப் பொடியன்மார் டியாகோ கார்சியா வழியா லண்டன் போயிட்டாங்களே" என்ற கதை. போனது உண்மை. எப்படிப் போனார்கள் என்பதை அவர் சொல்ல மாட்டார். 2021 ஒக்டோபரில் கனடா போகிறோம் என்று புறப்பட்ட 89 இலங்கைத் தமிழரின் படகு நடுக்கடலில் பழுதாகி, பிரித்தானியக் கடற்படை அவர்களை டியாகோ கார்சியாவில் கரை சேர்த்தது. வேலி போட்ட முகாமில் கூடாரம், எலி, உண்ணாவிரதம், தற்கொலை முயற்சி. மூன்று வருஷம். மனம் வெறுத்து ஊருக்கே திரும்பியவர்களும் உண்டு. மிஞ்சியவர்களில் பெரும்பாலோரை 2024 டிசம்பரில் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள், அதுவும் முதலில் ஆறு மாதத் தங்கலுக்கு. அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிமன்றம் சொன்னது. அந்த வாசலையும் அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். இனி வந்து இறங்குபவர்களைச் சென்ட் ஹெலனாவுக்கு அனுப்புவதாக 2024 ஒக்டோபரிலேயே ஏற்பாடு. நெப்போலியனை அடைத்த தீவு அது. ஒப்பந்தம் அமலானால் வந்து இறங்குபவர்கள் மொரிசியசின் பொறுப்பு. அந்த நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் சேரவே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைத்தான் ஏஜென்ட்மார் அடுத்து விற்பார்கள் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். 2022இல் பிரித்தானியா தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. சாகோஸ் தீவுகளில் பிறந்த ஒருவரின் நேரடி வாரிசு, அதாவது பிள்ளை, பேரப்பிள்ளை, அதற்கும் கீழே உள்ளவர், பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கடைசி நாள் 2027 நவம்பர் 22. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. கிடையாது என்பதை இன்னொரு தடவை படியுங்கள். "பிறந்த" என்ற சொல்லையும் படியுங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் டியாகோ கார்சியாவில் கடல்விமானத் தளம் இருந்தது. உங்கள் தாத்தா அங்கே சமையல் வேலைக்குப் போயிருந்தாலும் சரி, ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தாலும் சரி, அவர் பிறந்தது மஸ்கெலியாவில் என்றால் இந்தச் சட்டத்தில் உங்களுக்கு இடமில்லை. அங்கே பிறந்த பெண்ணை அவர் கட்டியிருந்தால், அந்தப் பாட்டி வழியில் இடமுண்டு. "பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் நான் செய்து தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அதற்குப் பெயர் கள்ளச் சான்றிதழ். அகப்படுவது அவர் இல்லை, உங்கள் மகன்.

மொரிசியசில் வேலையே இல்லையா என்றால், உண்டு. தையல் ஆலைகளுக்கு இலங்கையிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அது மொரிசியஸ் பெருந்தீவில், ஒப்பந்த வேலை, முடிந்தால் திரும்பி வர வேண்டும். அதற்குக்கூட ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த நாட்டு அந்த வேலைக்குப் பணியகம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். முதலாவதை மட்டும் காட்டிவிட்டு இரண்டாவதை மழுப்புவது பழைய வித்தை. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பணியகத்திடமே விசாரிக்கலாம். விசிட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, பற்றுச்சீட்டு இல்லாத காசு, "பாதுகாப்புக்காக" பாஸ்போட்டை வாங்கி வைத்தல், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். பாஸ்போட் அவர் கையில் இருந்தால் நீங்கள் முறைப்பாடு செய்யமாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

முறைப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருஷம் இப்படி ஏமாந்த ஒரு தகப்பனாரோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த கிழமை போனால் படிவம் இருந்தது, தமிழில் எழுதினால் படிக்கிறவர் லீவில். மூன்றாம் நாள், பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். பதில் கடிதம் தோட்ட ஆபீசில் பதினொரு நாள் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போனது. ஏஜென்ட்மாருக்கு இது நன்றாகத் தெரியும், இந்த அலைச்சலை நம்பித்தான் அவர்கள் கடை திறந்திருக்கிறார்கள்.

ஆகவே காசு கைமாறும் முன்பே நில்லுங்கள். அவர் காட்டிய தாளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அவர் பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவு இருந்தால் அழிக்க வேண்டாம். ஏற்கனவே ஏதும் கொடுத்திருந்தால் என்ன திகதி, எவ்வளவு, யார் பார்த்திருந்தார் என்று மகனைக் கொண்டு இன்று இரவே ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.