போனுக்கும் நிவாரணமா?

வணக்கம். குறைந்த வருமானக் குடும்பங்களின் தொலைபேசிச் செலவில் அரசாங்கம் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நான் சிறிய கடை வைத்திருப்பவன். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் எடுக்கிற வீடுகளிலும் டச் போன் இருக்கிறது, பிள்ளைகள் விடிய விடிய டிக்டொக் பார்க்கிறார்கள். அதற்கு என் வரிக்காசா? அமெரிக்காவில் ஒபாமா இலவச போன் கொடுத்து அது சீரழிந்த கதை தெரியாதா? அரிசிக்கும் மருந்துக்குமே காசில்லாத நாடு இது.

– ஒரு வாசகர், சாவகச்சேரி

வணக்கம்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ‘ஒபாமா போன்’ என்று கேலி செய்யப்பட்ட லைஃப்லைன் திட்டம், அதாவது ஏழைகளின் தொலைபேசிக் கட்டணத்தைக் குறைக்கிற திட்டம், 1985இல், ஜனாதிபதி றேகன் காலத்தில் வந்தது. கைபேசிக்கு வழிவிட்டது 2005இல், புஷ் காலத்தில். வழமையாக மாதம் 9.25 டொலர் வரை கட்டணக் கழிவு, ஒரு வீட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். தொலைபேசிக் கம்பனிகள் கட்டுகிற நிதியிலிருந்து அந்தக் காசு வருகிறது. கம்பனிகள் அதை வாடிக்கையாளரின் பில்லில் ஏற்றிவிடுகின்றன என்பது வேறு கதை.

சீரழிந்ததும் உண்மைதான். செத்தவர்கள் பெயரிலும் இணைப்பு இருந்ததை அவர்களுடைய கணக்காய்வே 2017இல் சொன்னது. ஆனால் ஆள் சேர்த்தால் காசு பார்க்கிற கம்பனிகளிடமே தகுதி பார்க்கும் வேலையையும் விட்டிருந்தார்கள். திருடன் கையில் சாவி கொடுத்த கதை. அதற்கு ஏழையை ஏன் திட்ட வேண்டும்?

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். டிக்டொக் பார்க்க டேட்டா கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நம்பர் சாகாமல் இருக்கட்டும் என்கிறேன். ரீலோட் போடாமல், அதாவது போனுக்குக் காசு ஏற்றாமல், நீண்ட நாள் விட்டால் சிம் வெட்டுப்படும். பிறகு அதே நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்தத் தோட்டம் என்பது பொழுதுபட வருகிற கோலில்தான் அவருக்குத் தெரியும். மழை பிடித்து இரண்டு கிழமை வேலை இல்லையென்றால் அவர் முதலில் நிறுத்துவது ரீலோட்டைத்தான், அரிசியை நிறுத்த முடியாதே. வங்கியில் கொடுத்த நம்பரும் அதுதான். அது போய்விட்டால் ஓடிபி யாரோ ஒருவருடைய போனில் விழுகிறது. அப்புறம் புதுச் சிம், வங்கிக்கு அலைச்சல், பஸ் காசு, இன்னொரு நாள் கூலி. ஒரு கோலுக்காகக் கொமினிகேஷன் கடையில் காத்து நின்ற தலைமுறை நாங்கள். போனை ஆடம்பரம் என்று சொல்ல எங்களுக்கு எப்படி மனம் வருகிறதோ!

வரிக்காசு என்றீர்கள். இலங்கையில் போன் கட்டணத்தோடு அறவிடுகிற தொலைத்தொடர்புத் தீர்வை 2022இல் 15 வீதமாக்கப்பட்டது. வற் என்கிற பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது, புதுப் போனுக்கும் வற் வந்தது. நூறு ரூபாய்க்கு ரீலோட் போடுகிறவரும் உங்களுடைய வீதத்தில்தான் கட்டுகிறார். ஆகவே நிவாரணம் கொடுப்பதற்கு முன்னால், எடுப்பதைக் குறைக்கலாம். சின்ன ரீலோட்டுகளுக்குத் தீர்வையை நீக்கினால் புதுப் பட்டியலும் வேண்டாம், கிராம சேவகரிடம் படிவமும் வேண்டாம். வசதியான வீட்டுப் பிள்ளையின் இரண்டாவது சிம்முக்கும் அந்தச் சலுகை போகும். போகட்டும், அதைப் பிடிக்க ஆள் வைத்தால் செலவு அதைவிடக் கூட.

இன்னொன்று. அஸ்வெசும குடும்பம் பதிந்து வைத்திருக்கிற ஒரு நம்பரை, ரீலோட் இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்கு வெட்டக்கூடாது, உள்வரும் கோலையும் எஸ்எம்எஸ்ஸையும் மறிக்கக்கூடாது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கம்பனிகளுக்கு நிபந்தனை போட வேண்டும். கம்பனிகள் கொஞ்சம் முணுமுணுக்கும். இதற்கு உங்கள் வரிக்காசில் பெரிதாக எதுவும் போகாது.