45,000 டாலர் தருகிறோம் என்கிறது வேறொரு கல்லூரி: மகளை மாற்றலாமா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் இங்கேயே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறாள். டியூஷன், விடுதி, சாப்பாடு எல்லாமே ஸ்காலர்ஷிப். அதுபோக, பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த விடுவதற்கான என்ஐஎல் பணம் ஆண்டுக்கு 18,000 டாலர் வருகிறது. இப்போது கலிபோர்னியாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், வந்தால் 45,000 தருவதாக அவளுடைய பழைய கிளப் கோச் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறது. அங்கே டியூஷனுக்கு மட்டும்தான் ஸ்காலர்ஷிப். தங்குவதும் சாப்பாடும் எங்கள் செலவு. மகள் கிளம்பத் தயாராக இருக்கிறாள். கலிபோர்னியா வரியே பாதியை விழுங்கிவிடும் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?

— ஒரு தாய், பிரிஸ்கோ

பதில்: முதலில் உங்கள் கணவரின் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். கலிபோர்னியாவின் 13.3 சதவீத வரி ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கானது. 45,000 டாலர் வருமானத்துக்கு அந்த மாநிலத்துக்குப் போவது ஆயிரம் டாலருக்குள்தான் இருக்கும். பெரிய வெட்டு மத்திய அரசின் வரியில் இருக்கிறது. இந்தப் பணம் சம்பளமாக வருவதில்லை, 1099 படிவத்தில் சுயதொழில் வருமானமாக வருகிறது. அதனால் வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேரும். இரண்டும் சேர்ந்து சுமார் 9,000.

ஆக, 45,000-ல் வரிகள் போக 35,000 நிற்கும். அதிலிருந்து வாடகையும் சாப்பாடும். கலிபோர்னியாவில் ஒரு மாணவிக்கு இவை இரண்டுக்கும் ஆண்டுக்கு 20,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 15,000. இங்கே? 18,000-க்கான வரியோடு, விடுதி, சாப்பாட்டுக்காகக் கிடைக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் வருமான வரி உண்டு (டியூஷனுக்குத்தான் விலக்கு). அதையும் கழித்துவிட்டால் கையில் சுமார் 14,000 நிற்கும். 27,000 கூடுதலாகத் தெரிந்தது கடைசியில் ஆயிரம் டாலர் வித்தியாசமாகச் சுருங்கிவிடுகிறது. விமானச் செலவை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அந்த 45,000 முழுசாக வந்தால்தான் இந்தக் கணக்கு. எனக்கு உண்மையான கவலை அங்கேதான்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2021 ஜூலையில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு தன் விதியைத் தளர்த்திய பிறகுதான் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிந்தது. அதுதான் என்ஐஎல். 2025 ஜூனில், என்சிஏஏ மீது வீரர்கள் தொடர்ந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றதும், பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரை. அதில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போய்விடுகிறது. வாலிபால் பெண்ணுக்கு 45,000 என்று சொன்னால், ஒரு பகுதியைத்தான் பல்கலைக்கழகம் தரும், மீதியை வெளியே உள்ள ஸ்பான்சர்களிடம் வாங்கித் தருவதாகச் சொல்வார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள வெளி ஒப்பந்தங்களை இப்போது என்ஐஎல் கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை நியாயமானதா என்று அங்கே பார்ப்பார்கள். தேறாவிட்டால் அந்தப் பணம் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். எழுத்தில் உறுதியாக வருவது 25,000 மட்டும்தான் என்றால், வரியும் வாடகையும் போக உங்கள் மகளுக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

சரி, முழுத் தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் மகளின் பெயர் ஏறும்வரை வேறு கல்லூரி கோச் அவளோடு பேசவே விதி இடம் தரவில்லை. பழைய கிளப் கோச் நடுவில் வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆகவே போர்ட்டலுக்கு முன்னால் காகிதம் வராது. போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டாலோ, அந்த செமஸ்டர் முடிந்ததும் இப்போதைய ஸ்காலர்ஷிப்பை நிறுத்தப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. அணியில் அவள் இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாலிபால் அணிக்கு 18 பேர்தான் என்று புதிய உச்சவரம்பு வந்த பிறகு, போன இடம் திரும்பக் கிடைப்பது கடினம். கையில் இருப்பதை விட்டுவிட்டுத்தான் வரப்போவதைப் பேச முடியும் என்ற நிலையில் 20 வயதுப் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார்கள். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

வாய்ச்சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மேத்யூ ஸ்லூகா ஓர் உதாரணம். 2024-ல் லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக். மூன்று ஆட்டங்கள் ஆடி மூன்றையும் ஜெயித்த பிறகு அணியை விட்டு விலகினார். வாய்மொழியாகச் சொன்ன 1,00,000 டாலர் வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்றது எதிர்த்தரப்பு. எழுத்து இல்லாததால் அவரிடம் காட்ட ஒன்றுமில்லை.

எழுத்து இருந்தாலும் வரிக்கு வரி படிக்க வேண்டும். மகள் இப்போது வாங்கும் 18,000-க்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாளே, இன்றைக்கே அதை எடுத்துப் பாருங்கள். காலம் முடியுமுன் விலகினால் என்ன ஆகும் என்று ஒரு பிரிவு இருக்கும். சிலவற்றில் இனி வரவேண்டிய பணம் நிற்பதோடு சரி. சிலவற்றில் நாம் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து மிசௌரிக்கு மாறிய ஃபுட்பால் வீரர் டேமன் வில்சனிடம் ஜார்ஜியாவின் விளையாட்டுச் சங்கம் 3,90,000 டாலர் கேட்டு நீதிமன்றம் போயிருக்கிறது. உங்கள் மகளின் தொகை சின்னதுதான், ஆனால் பிரிவு ஒரே மாதிரியாக இருக்கலாம். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒப்பந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுவது நல்ல செலவு.

அப்புறம் படிப்பு. மாறிப் போகும் பிள்ளைகளுக்கு அதிகமாக அடிபடுவது இதுதான், வீட்டில் குறைவாகப் பேசுவதும் இதைத்தான். மூன்றாம் ஆண்டில் ஆட வேண்டுமென்றால் பட்டப்படிப்பின் 40 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டில் 60 சதவீதம். புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் கிரெடிட்டுகளை வைத்தே இதைப் பார்ப்பார்கள். இன்ஜினியரிங்கில் நாலைந்து பாடம் ஏற்கப்படாமல் போவது சாதாரணம். அப்போது 'மேஜரை மாற்றிக்கொள், சுலபமாக இருக்கும்' என்ற யோசனை வரும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். படிப்பு ஒரு வருடம் நீண்டு, அந்த வருடத்துக்கு ஸ்காலர்ஷிப்பும் இல்லையென்றால், வெளிமாநிலக் கட்டணத்தில் மேலே சொன்ன கணக்கு முழுவதும் கரைந்துவிடும்.

இன்றைய நிலையில் பணத்துக்காக மட்டும் மாறுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அங்கே அவளுக்கு நல்ல கோச் கிடைக்கிறார், களத்தில் இறங்கி ஆடும் வாய்ப்பு கூடுகிறது என்றால் அது வேறு விஷயம், அதை அவள்தான் சொல்ல வேண்டும். அப்படி மாறினால் பேரம் பேச வேண்டியது 45,000 என்ற எண்ணைப் பற்றி அல்ல. தங்குமிடமும் சாப்பாடும் ஸ்காலர்ஷிப்பில் சேர வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கொடுத்துவிட்டு ரொக்கத்தை 30,000 ஆகக் குறைத்தால்கூட, வரி போகக் கையில் 20,000-க்கு மேல் நிற்கும். அந்த ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கா, பட்டம் முடியும்வரைக்குமா என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

எங்கே இருந்தாலும் இந்தப் பணத்துக்கு அவள் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் கால் பங்கை எடுத்து வைத்து, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் முன்வரி கட்டிவிடுங்கள். ஸ்பான்சர்கள் இலவசமாகத் தரும் ஷூ, உடை எல்லாமே வருமானம்தான், அவற்றின் சந்தை விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1099 வராவிட்டாலும் ஆண்டு நிகர லாபம் 400 டாலரைத் தொட்டாலே ரிட்டர்ன் போட வேண்டும். மிச்சத்தில் ஒரு பகுதியை ராத் ஐஆர்ஏ-வில் (இப்போது வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வுக்காலத்தில் வரியில்லாமல் எடுக்கும் கணக்கு) போடச் சொல்லுங்கள். இவ்வளவு குறைந்த வரி விகிதம் அவளுக்கு இனி அமையாமல் போகலாம்.

போர்ட்டல் திறப்பதற்கு முன் இப்போதைய கோச்சிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். வேறு இடத்துப் பேச்சை எடுக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டுக்கு மகளுக்கு என்ன தரப்போகிறீர்கள், எப்போது எழுத்தில் தருவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பல அணிகளில் கேட்ட பிறகுதான் தொகை ஏறுகிறது.